லீவு விட்டாச்சு... கொடைக்கானல் போலாமா?

செமஸ்டர் கடைசி பேப்பரை எழுதிட்டு வெளியே வந்ததும் உங்க கேங்ல ஒருத்தன் கண்டிப்பா ஆரம்பிப்பான்... "மச்சி, கொடைக்கானல் போலாம்டா!" உடனே அசைன்மென்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்ஜெட் போடுவீங்க. பத்து பேர் கை தூக்குவாங்க. மூணு பேருக்கு வீட்டில் பெர்மிஷன் கிடைக்காது. ஒருத்தன் பஸ் ஏறும்போது போனை ஆஃப் பண்ணிடுவான். மிச்சம் ஆறு பேர் போய் ஏரியில் பெடல் போட் மிதிச்சு, தூண் பாறையில் பாறையைத் தவிர மேகம் பூராவும் பார்த்து, குணா குகை வேலிக்கு முன்னால் நின்னு கமல் குரலில் கத்தி, 'ஹோம் மேட்' சாக்லேட்டை (யார் ஹோம்ல மேட்னு கேட்கப்படாது!) அரை கிலோ வாங்கிட்டு இறங்கிடுவீங்க.

முதல் தடவை நானும் இப்படித்தான் இறங்கினேன். ரெண்டாவது தடவை தனியா போக வேண்டியதாப் போச்சு. கூட வர்றேன்னு சொன்ன ரூம் மேட், "அம்மா ஊருக்கு வரச் சொல்லிட்டாங்கடா"ன்னு கழன்றுகொண்டான். ரெண்டு நாள் விடாத மழை. வேற வழியில்லாம குடையும் கையுமா ஊருக்குள்ளே நடக்க ஆரம்பிச்சப்பதான் ஒரு சந்தேகம் வந்தது. சுற்றி உள்ள மற்ற ஊர்களை எல்லாம் ஆற்றுக்காகவோ, சந்தைக்காகவோ, கோயிலுக்காகவோ உருவாக்கியிருக்காங்க. ஏழாயிரம் அடி உயரத்தில் இப்படி ஒரு டவுனை யார், எதுக்காகக் கட்டினாங்க?

பதிலைக் கேட்டா சிரிப்பீங்க. லீவுக்காக!

கட்டினது அமெரிக்க மிஷனரிக் குடும்பங்கள். அவங்க இங்கே மதம் பரப்ப வந்தவங்க. அதைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கு. அதை இன்னொரு நாள் கேன்டீனில் வெச்சுக்கலாம். இன்னிக்கு அவங்களோட லீவைப் பற்றி மட்டும் பேசலாம். ஏன்னா, ஹாஸ்டல்ல இருக்கிற உங்களுக்கு அது ரொம்பவே புரியும்.

சிறுமலையில் ஃபெயில், கொடையில் பாஸ்

யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷன்காரங்க 1834-ல் மதுரைக்கு வந்து வேலை ஆரம்பிச்சாங்க. மதுரை வெயிலைப் பற்றி மதுரைக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயிலாவது பரவாயில்லை. காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்குன்னு ஒண்ணு மாற்றி ஒண்ணு. கொசு கடிச்சா மலேரியா வரும்னே உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம் அது. பத்து வருஷத்துக்குள் அந்தச் சின்னக் கூட்டத்தில் ஆறு பேர் செத்துப்போனாங்க.

"எங்கேயாவது குளிர்ச்சியான இடமாப் பார்த்து ஓடுங்க"ன்னு முடிவாச்சு. 1838-ல் முதல்ல தேர்ந்தெடுத்தது திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையை. அங்கேயும் காய்ச்சல் விடலை. அதுக்கு அப்புறம்தான் பழனி மலையின் மேல்பக்கம் கண்ணில் பட்டது. 1821-லேயே லெப்டினன்ட் வார்டு என்கிற சர்வே அதிகாரி அங்கே ஏறி அளந்திருந்தார். மலை அப்போதும் ஒண்ணும் காலியா இல்லை. பளியர்கள் காலங்காலமா அங்கேதான் வாழ்ந்துக்கிட்டிருந்தாங்க. 'கண்டுபிடிச்சார்'னு டூரிஸ்ட் போர்டில் போட்டிருந்தா அதை மனசுக்குள்ளே திருத்திப் படிச்சுக்கங்க.

1845-ல் ரெண்டு பங்களா எழும்பியது. பேரு சன்னிசைடு, ஷெல்டன். ஜூன் மாசம் ஆறு அமெரிக்கக் குடும்பங்கள் அதில் குடியேறினாங்க. கொடைக்கானல் டவுனுக்கு அதுதான் பிள்ளையார் சுழி (மிஷனரிகள் கதையில் பிள்ளையார் சுழியான்னு முறைக்காதீங்க, வேற வார்த்தை கிடைக்கலை).

இப்போ நீங்க போட் விடுற ஏரி அப்போ கிடையாது. சதுப்பு நிலமா கிடந்த பள்ளத்துக்குக் கரை போட்டு, 1863-ல் அதை ஏரியாக்கினவர் மதுரை கலெக்டரா இருந்த வேர் லெவிஞ்ச். முதல் படகைத் தூத்துக்குடியில் இருந்து கொண்டு வந்தாங்க. கடலோரத்துப் படகு மலை உச்சிக்கு ஏறின கதை! எப்படி ஏறியிருக்கும்? ரோடே இல்லையே...

பன்னிரண்டு மைல் தோள்

இன்னிக்கு வத்தலக்குண்டு தாண்டி, டம்டம் பாறையில் டீ குடிச்சு, வெள்ளி அருவியில் போட்டோ எடுத்து, நடுவில் ஒருத்தன் வாந்தியும் எடுத்து, மூணு மணி நேரத்தில் மேலே போயிடுறோம். அந்த காட் ரோடு வந்தது 1910-களில்தான். அதுக்கு முன்னாடி எழுபது வருஷம் எல்லாரும் ஏறினது பெரியகுளம் பக்கம் இருந்து.

ரயில் வந்த பிறகு ரூட் இப்படி: அம்மையநாயக்கனூரில் இறங்கணும். அதுதான் இப்போதைய கொடைரோடு ஸ்டேஷன். அங்கிருந்து ராத்திரி பூராவும் மாட்டு வண்டி. பெட்டி, படுக்கை, கைக்குழந்தை எல்லாம் அதிலேயே. விடியற்காலையில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரும். அங்கிருந்து செங்குத்தான ஒத்தையடிப் பாதை, சுமார் பன்னிரண்டு மைல். தெம்பு இருக்கிறவங்க நடப்பாங்க. வசதி இருக்கிறவங்க குதிரையில் போவாங்க. பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில்.

டோலின்னா தெரியும்ல? நாற்காலியை மூங்கிலில் கட்டி ஆட்கள் தோளில் தூக்கிக்கிட்டுப் போறது. மிஷனரிகள் எழுதி வெச்ச பயண விவரங்களில் மேகம் வரும், அருவி வரும், ஏறுகிறபோது குளிர் காற்று முகத்தில் அடிக்கிற சந்தோஷம் வரும். தூக்கினவங்க கூலியாட்களா மட்டும்தான் வருவாங்க.

இதை கும்பக்கரை அருவிக்குப் போற வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நான் பெருசா ஆராய்ச்சி மாதிரி பேசிக்கிட்டிருந்தேன். கேட்டுக்கிட்டே டீ ஆற்றின பெரியவர், "எங்க தாத்தா தூக்குனவருதேன் தம்பி"ன்னார். எனக்கு வாயடைச்சுப் போச்சு.

"நெசமாவா ஐயா?"

"நான் சின்னப் பயலா இருக்கையில அவரு இருந்தாரு. வலது தோள்ல இந்தாக்கொண்டு காய்ப்பு. மாட்டுக்குக் கழுத்துல இருக்கும்ல, அது கணக்கா. வெள்ளக்காரப் பிள்ளைக டோலியில உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டே வருங்களாம். ஒரு பிள்ளை ரொட்டியப் பிச்சு இவருக்குக் குடுத்துச்சாம். அதச் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

"கூலி எவ்வளவு குடுத்தாங்களாம்?"

"அதச் சொன்னதில்ல தம்பி. ரொட்டியத்தேன் சொன்னாரு."

டீக்குக் காசு வாங்கிக்கிட்டார். நியாயம்தானே! அப்புறம் அந்தப் பக்கம் மலையை அண்ணாந்து பார்த்தப்போ எனக்கு மேகம் கண்ணில் படலை.

இருபத்து மூணு வருஷம் கழிச்சு ஒரு லீவு

கொடைக்கு லீவுக்கு வந்த குடும்பங்களில் ஒண்ணு ஸ்கடர் குடும்பம். வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடரோட குடும்பம்னு சொன்னா சட்டுன்னு புரியும். கொடைக்கானல் மலையில் 'ஹில் டாப்' என்கிற வீடு ஐடாவோடதுதான். ஆனா இவங்க பயணம் கொடையில் ஆரம்பிக்கலை. அதுக்கு நீங்க ஐடாவோட தாத்தா காலத்துக்கு, பாஸ்டன் துறைமுகத்துக்கு வரணும்.

தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்லா ஓடிக்கிட்டிருந்த டாக்டர். ஒரு பேஷன்ட் வீட்டில் காத்திருந்த நேரத்தில் ஒரு சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். ஆசியாவுக்கு மிஷனரிகள் தேவைன்னு கேட்கிற புத்தகம். பிராக்டீஸை மூட்டை கட்டினார். 1819 ஜூன் 8-ம் தேதி மனைவி ஹாரியட், கைக்குழந்தை மகளோட 'இண்டஸ்' என்கிற கப்பலில் ஏறினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஐம்பது வருஷம் இருக்கு. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கல்கத்தா வந்து சேர நாலு மாசம் ஆச்சு. அங்கேயே அந்தக் குழந்தை இறந்துபோச்சு. அடக்கம் பண்ணிட்டு இலங்கைக்குக் கப்பல் ஏறினாங்க.

ஒரு சைடு தகவல். அதே இண்டஸ் கப்பலில் மைரன் வின்ஸ்லோவும் இருந்தார். தமிழ் டிபார்ட்மென்ட் ஸ்டூடன்ட்ஸ் இப்போ நிமிர்ந்து உட்காரலாம். 1862-ல் அறுபத்தேழாயிரம் சொற்களோட தமிழ்-ஆங்கில அகராதி போட்ட அதே வின்ஸ்லோ! உங்க லைப்ரரியில் தூசி படிஞ்சு கிடக்கிற அந்தத் தடிப் புத்தகம், கையில் கடிதம் எழுதுற பேப்பரோட நாலு மாசம் கடலில் ஆடிய ஒரு மனுஷனோடது.

ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். 1836-ல் சென்னைக்கு வந்தார். பிள்ளைகள் பிறந்தாங்க, வளர்ந்தாங்க. பத்து வயசு வாக்கில் ஒவ்வொருத்தரா அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டாங்க, படிப்புக்கு. 1822-ல் பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி மார்ட்டின் அப்படிப் போனவர்தான். கொஞ்சம் யோசிங்க. நாலு மாசம் கப்பல். லெட்டர் போட்டா போய்ச் சேர நாலு மாசம், பதில் வர நாலு மாசம். "அம்மா, எனக்கு ஜுரம்"னு எழுதினா, "இப்போ எப்படி இருக்கு?"ன்னு பதில் வர்றப்போ அடுத்த வகுப்புக்குப் போயிருப்பான்.

அப்பா ஊருக்கு லீவில் எப்போ போனார் தெரியுமா? 1842-ல்! 1819-ல் கிளம்பினவர் இருபத்து மூணு வருஷம் கழிச்சு. அந்த லீவையும் சும்மா விடலை மனுஷன். ஊர் ஊராப் போய் ஆயிரக்கணக்கான குழந்தைகள் முன்னால் பேசினார். தன் பிள்ளைகளை விட்டுட்டு வேலை பார்த்தவர், லீவில் ஊரார் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வெச்சார். எனக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்குது. நீங்க வேற மாதிரி நினைச்சா தப்பில்லை.

கடைசியில் உடம்பு முடியாமப் போனப்போ, டாக்டர்கள் சொன்ன மருந்து கடல் பயணம். 1854-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். உடம்பு தேறி, சென்னைக்குத் திரும்ப இருந்த சமயம், 1855 ஜனவரி 13-ம் தேதி கேப் டவுன் பக்கத்து வின்பர்க்கில் செத்துப்போனார். பிறந்த ஊர் அமெரிக்கா, வாழ்ந்த ஊர் யாழ்ப்பாணமும் சென்னையும், கட்டை வெந்ததுன்னு சொல்ல முடியாது, புதைஞ்சது ஆப்பிரிக்காவில்.

"நான் மட்டும் இந்த வேலைக்கு வரமாட்டேன்!"

அமெரிக்காவுக்குப் போன மகன்கள் திரும்பி வந்தாங்க. ஏழு பேர்! எல்லாருமே மிஷனரிகளாத்தான். அதில் ஒருத்தர், அப்பா பேரே வெச்ச ஜான். அவரோட கடைக்குட்டி மகள்தான் ஐடா. 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தாள்.

குடும்ப வழக்கம் இவளையும் விடலை. குடும்பமா அமெரிக்காவுக்கு லீவில் போனாங்க. அப்பா முதல்ல வேலைக்குத் திரும்பினார். அடுத்து அம்மா. பதினாலு வயசுப் பொண்ணை சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விட்டுட்டு அம்மா கிளம்பின ராத்திரி, அம்மா படுத்திருந்த தலையணையில் முகத்தைப் புதைச்சு ஐடா அழுததை அவங்க வாழ்க்கை வரலாற்றில் படிச்சிருக்கேன். ஹாஸ்டல்ல முதல் நாள் ராத்திரி பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுத பார்ட்டிகள் யாராவது இருந்தா, (பயப்படாதீங்க, பேரைக் கேட்கமாட்டேன்) இது உங்களுக்குத்தான்.

அந்தக் கோபத்தில்தான் ஐடா ஒரு முடிவெடுத்தாள். எது வேணா ஆவேன், மிஷனரி மட்டும் ஆகமாட்டேன். மாசச்சூசெட்ஸில் நார்த்ஃபீல்டு ஸ்கூலில் படிச்சாள். கலகலப்பான பொண்ணு. நல்ல டிரெஸ், ஃப்ரெண்ட்ஸ், கல்யாணக் கனவுன்னு போய்க்கிட்டிருந்தப்போ தந்தி வந்தது. திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

1890. "கொஞ்ச நாள் இருந்து அம்மாவைப் பார்த்துட்டு ஓடி வந்துடணும்"னு கப்பல் ஏறினாள். ஒரு லாங் லீவு, அவ்வளவுதான்!

சென்னை பஸ்ஸில் நீங்க தூங்கிக்கிட்டே கடக்கிற அதே திண்டிவனம். ஒரு ராத்திரி, ஒருத்தர் பின்னால் ஒருத்தரா மூணு ஆண்கள் வந்து கதவைத் தட்டினாங்க. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. மூணு பேர் வீட்டிலும் பிரசவ வேதனையில் இளம் மனைவி. "நீங்க வந்து பாருங்கம்மா." இவளுக்கு வைத்தியம் தெரியாது. "அப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க." ஆம்பளை டாக்டர் வரக்கூடாதுன்னு மூணு பேருமே திரும்பிப் போயிட்டாங்க. விடிஞ்சு ஆளனுப்பிக் கேட்டப்போ, மூணு பெண்களுமே இறந்திருந்தாங்க.

லீவு அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சாள். 1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மெடிக்கல் காலேஜில் பட்டம். 1900 ஜனவரியில் வேலூருக்கு வந்துட்டாள். ஒரே ஒரு கட்டிலில் ஆரம்பிச்ச வைத்தியம் இன்னிக்கு எங்கே நிற்குதுன்னு உங்க வீட்டிலேயே யாராவது சொல்வாங்க. 'வேலூர் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்'னு பேசாத குடும்பம் நம்ம பக்கம் ஏது? ஆனா சின்ன வயசில் இருந்து பிரிஞ்சே கிடந்த அப்பாவும் மகளும் சேர்ந்து டாக்டரா வேலை பார்க்க வாய்ச்சது சில மாசம்தான். அதே 1900-ல் அப்பா இறந்துபோனார்.

அதுக்கு அப்புறம் வருஷா வருஷம் கோடையில் ஐடாவுக்குக் கொடைதான். வெறும் ரெஸ்ட் எடுக்கிற ஆள் இல்லை. டென்னிஸில் புலி! ஒரு கொடை டோர்னமென்ட்டில், 'எனக்குப் போய் ஒரு பாட்டியோட மேட்ச் போட்டிருக்காங்களே'ன்னு அலுத்துக்கிட்ட டீன் ஏஜ் பொண்ணை, அறுபத்தஞ்சு வயசு ஐடா 6-0, 6-0-ன்னு அனுப்பி வெச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. ரிட்டயர் ஆன பிறகு ஹில் டாப்பிலேயே தங்கிட்டாங்க. 1960 மே மாதம் உயிர் பிரிஞ்சதும் அங்கேதான். கொஞ்ச நாள் லீவுன்னு வந்து எழுபது வருஷம்.

ஏழு ரோடு ஸ்கூல்

ஐடா மாதிரி பிள்ளைகள் தலையணையில் அழறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாம, மலை ஏற்றி அனுப்புறது. 1901-ல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகக் கொடையில் ஒரு ஸ்கூல் ஆரம்பமாச்சு. 'ஹைகிளர்க்'னு பேரு. ஏழு ரோடு ஜங்ஷனில் கல் கட்டடங்களோட நிற்குதே, இப்போதைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், அதுதான். டூரிஸ்ட்டுகளை உள்ளே விடமாட்டாங்க. கேட் பக்கம் நின்னு எட்டிப் பார்த்துக்கலாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் காலண்டர்தான் எனக்குப் பிடிச்சது. நம்ம ஊரில் பெரிய லீவுன்னா கோடை. அங்கே தலைகீழ். கோடையில் ஸ்கூல் நடக்கும், ஏன்னா அப்போ அப்பா அம்மாக்களே வெயிலுக்குப் பயந்து மேலே வந்துடுவாங்க. பிள்ளைகள் போர்டிங்கை விட்டுட்டு வீட்டில் இருந்து ஸ்கூலுக்குப் போகலாம். பெரிய லீவு குளிர்காலத்தில். அப்போ பிள்ளைகள் மலை இறங்கி மதுரைக்கோ ஆற்காட்டுக்கோ வீட்டுக்குப் போவாங்க. ஆக, வருஷத்தில் ரெண்டு சீசன் குடும்பம் ஒண்ணா இருக்கும். மிச்ச மாசமெல்லாம் லெட்டர்.

ஏப்ரல், மே மாசம் இதே ஏரியில் படகு, டென்னிஸ், காட்டுக்குள்ளே பிக்னிக், பாட்டுக் கச்சேரின்னு ஊரே அமர்க்களப்படும். அதைப் பார்த்து, 'சேவை செய்ய வந்தவங்களுக்கு என்ன சொகுசு?'ன்னு அப்பவே கேட்டவங்க உண்டு. கேள்வி நியாயம்தான். மதுரையில் அதே காலராவில் செத்த மதுரைக்காரனுக்கு ஓட மலை இல்லை. ஓட வேண்டியவங்களைத் தூக்கிக்கிட்டு ஓடின டீக்கடைத் தாத்தாவும் மறுநாள் வெயிலுக்கே இறங்கிட்டார். ஆனா ஜூன் வந்து, அம்மா டோலி ஏறி இறங்கிப் போக, ஏரிக்கரையில் நின்னு பார்த்துக்கிட்டிருந்த எட்டு வயசுப் பையன்கிட்ட இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு மனசு வரலை.

தாமதமா வந்த லெட்டர்கள்

ஒரே ஒரு பையனைப் பற்றிச் சொல்லிட்டு விட்டுடுறேன். கொடைக்காரன் இல்லை. நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில் வளர்ந்தவன். பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின். ரெண்டு பேருமே இங்கிலாந்தில் இருந்து வந்து கொல்லிமலையில் தங்கினவங்க. அப்பா வீடு கட்டுவார், ரோடு போடுவார், காய்ச்சலுக்கு மருந்து குடுப்பார். பையன் மரத்து மேலேயே குடியிருப்பான். அம்மா கீழே இருந்து பாடம் சொல்வாங்க, இவன் மரத்தில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுக் கீழே இறக்குவான். கொடுத்து வெச்சவன்!

1923-ல், ஒன்பது வயசில், அவனையும் தங்கச்சியையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் லண்டனில் அம்மாவின் சகோதரிகள் வீட்டில் விட்டாங்க. அப்பாவும் அம்மாவும் கொல்லிமலைக்குத் திரும்பினாங்க. அடுத்த லீவு 1930-ல். கணக்குப் போட்டு நாளை எண்ணிக்கிட்டிருந்தாங்க ரெண்டு பிள்ளைகளும். அப்பா வாராவாரம் லெட்டர் போடுவார். இன்னிக்கு எந்தப் பூச்சியைப் பார்த்தேன், எந்த மரம் பூத்திருக்குன்னு.

1929 ஜூனில் லண்டனுக்குத் தந்தி வந்தது. கருநீர்க் காய்ச்சலில் அப்பா காலமாயிட்டார். வயசு நாற்பத்து நாலு. பாலுக்குப் பதினஞ்சு முடியலை. அப்பா முகத்தைப் பார்த்து ஆறு வருஷம்.

தந்தி வேகமா வந்துடுச்சு. லெட்டர் கப்பலில் வரணுமே! அப்பா ஆரோக்கியமா இருந்தப்போ எழுதிப் போட்ட கடிதங்கள், அவர் செத்த பிறகும் அந்த வீட்டுக் கதவுக்கு வந்துக்கிட்டே இருந்தது. மரம், பூச்சி, மலை, 'சீக்கிரம் பார்க்கலாம்' எல்லாத்தோடயும்.

அந்தப் பையன் டாக்டர் ஆகி 1946-ல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தலாம்னு உலகத்துக்குக் காட்டின டாக்டர் பால் பிராண்ட் அவர்தான். அம்மா ஈவ்லின் மட்டும் லண்டனோட தங்கிடலை. வயசாச்சு, ரிட்டயர் ஆகுங்கன்னு மிஷன் சொல்லியும் கேட்காம, மலை மலையா ஏறி, 1974-ல் தொண்ணூற்றைந்து வயசில் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினாங்க.

சரி, கிளம்பலாமா? 2024 மே மாதத்தில் இருந்து கொடைக்கு வண்டியில் போறவங்க இ-பாஸ் எடுக்கணும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாதீங்க. கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கினா பிளாட்பாரத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க, மாட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்ன இடம். திரும்பி வர்றப்போ ஒரு நாள் மிச்சமிருந்தா பெரியகுளம் பக்கம் இறங்கி, கும்பக்கரையில் குளிச்சுட்டு, பழைய பாதை மேலே ஏறிப்போன மலையை அண்ணாந்து பாருங்க. வனத்துறை அனுமதி இல்லாம ஏற முயற்சி பண்ணாதீங்க. மழை பெய்ஞ்சா அருவிப் பக்கம் போகவே போகாதீங்க.

மேலே சிக்னல் மேகம் மாதிரி. வரும், போகும். கோக்கர்ஸ் வாக்கில் மூணாவது வளைவுகிட்ட எனக்கு நல்லாக் கிடைச்சது. அங்கே நின்னு ரூம் மேட்டுக்கு போன் பண்ணித் திட்டலாம்னு எடுத்தேன். "டேய், அம்மா மீன் குழம்பு வெச்சிருக்காங்கடா, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டான்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடிச்சு நானும் ஊருக்குப் போயிட்டேன்.